உன் டீம் கேட்ட என் சிரிப்பு

கண்ணா,

நேற்றுக் காலை நீ அனுப்பிய கேப், மர்பி டவுனில் உன் சித்தி வீட்டுச் சந்துக்குள் நுழைய முடியாமல் முனையிலேயே நின்று ஹாரன் அடித்தது. டிரைவர் ஃபோன் செய்து, "மேடம், எலெக்ட்ரானிக் சிட்டி டிராப் போட்டிருக்காங்க, வர்றீங்களா?" என்றார். உன்னிடமிருந்து ஒரு மெசேஜ் மட்டும் வந்திருந்தது. மேனேஜர் ப்ரொமோஷன் வந்துவிட்டது, கேப் அனுப்பியிருக்கிறேன், ரெடியாக இரு என்று. உண்மையைச் சொல்கிறேன், புடவைகளைப் பையில் எடுத்து வைத்துவிட்டேன். செருப்பும் போட்டாயிற்று. அப்புறம் கால் நகரவில்லை. அந்த டிரைவர் பிள்ளையிடம் வரவில்லை என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். மகனுக்குப் பதவி வந்ததற்கு யாராவது அழுவார்களா என்று சித்தி கேட்டாள். சந்தோஷத்தில் வந்த அழுகை என்றேன். அவள் நம்பவில்லை, நீயும் நம்ப வேண்டாம்.

ஃபோனில் பேசலாம்தான். ஆனால் நான் இரண்டாவது வாக்கியத்துக்குப் போவதற்குள் நீ "பாயிண்டுக்கு வாம்மா" என்பாய். இந்தக் காகிதம் அப்படிச் சொல்லாது, அதனால் எழுதுகிறேன். நாலு பேர் படிக்கிற இடத்தில் இதைப் போடப் போகிறேன் என்று தெரிந்தால் உனக்குக் கோபம் வரும். வீட்டு விஷயத்தை ஏன் வெளியே சொல்கிறாய் என்பாய். வீட்டுக்குள் நாம் பேசியதுதான் ஏற்கெனவே வெளியே கேட்டுவிட்டதே, கண்ணா. உன் பெயரையும் போடவில்லை, என் பெயரையும் போடவில்லை. உன் டீம் ஆட்களுக்கும் வேறு பெயர் வைத்திருக்கிறேன். படிக்கிற பிள்ளைகளில் இன்னும் சிலர் இது நமக்கோ என்று ஒரு நிமிஷம் யோசித்தால் அதுவும் நல்லதுதான்.

அப்பா போன பிறகு பொம்மசந்திராவில் நாம் இருந்த வாடகை வீட்டைக் காலி செய்து என்னை உன் ஃப்ளாட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தாய். ஹாலில் நான், அறையில் நீ, நடுவில் ஒரு கதவு. ஹெட்செட் காதை வலிக்கிறது என்று லேப்டாப்பிலேயே சத்தமாக வைத்துப் பேசுவாய். காலையில் உங்களுக்கு ஒரு மீட்டிங், ஸ்டாண்டப் என்று பெயர். நின்றுகொண்டு பேச வேண்டியதாம். நீ நின்று ஒரு நாளும் நான் பார்த்ததில்லை. கீரை ஆய்ந்துகொண்டே உன் டீமில் எல்லாருடைய குரலையும் பழகிக்கொண்டேன். வேகமாகப் பேசும் மானசா என்கிற பெண், எதற்கெடுத்தாலும் இருமிக்கொண்டே ஆரம்பிக்கும் ஒரு பையன், அப்புறம் நாகராஜ். உன்னைவிட வயதில் ரொம்பப் பெரியவர், ஆனால் உனக்குக் கீழே வேலை. முகம் தெரியாத மற்றவர்களும் எனக்குச் சொந்தக்காரர்கள் மாதிரி ஆகிவிட்டார்கள். யாராவது ஒரு நாள் வரவில்லை என்றால் உடம்புக்கு என்னவோ என்று நினைத்துக்கொள்வேன்.

நீ டீமுக்கு லீட் ஆன புதிதில் ஒரு நாள், "அது என் தப்பு, நான்தான் சரியா பாக்கல" என்று அவர்களிடம் சொன்னாய். கதவுக்கு இந்தப் பக்கம் எனக்கு அப்படியே நெஞ்சு நிறைந்து போயிற்று. அன்று பாயசம் வைத்தேன். இன்றைக்கு என்ன விசேஷம் என்று கேட்டாய், பால் மீந்துவிட்டது என்றேன். அந்தக் குரலை நான் எப்போதிலிருந்து கேட்கவில்லை என்று யோசித்துப் பார்க்கிறேன். ஒரே நாளில் அது போகவில்லை. முதலில் அடுத்தவர் முடிக்கும் முன்னால் நீ பேச ஆரம்பித்தாய். அப்புறம் "எல்லாருக்கும் ஓகேவா?" என்று கேட்டுவிட்டு, யாரும் வாயைத் திறப்பதற்குள் "ஓகே, டன்" என்று நீயே சொல்லிக்கொள்ள ஆரம்பித்தாய். மானசா ஒரு நாள் சொன்ன யோசனையை, அந்த வாரமே உன் மேலதிகாரியிடம் உன்னுடையதாகச் சொன்னாய். எனக்கு உங்கள் இங்கிலீஷ் முழுசாகப் புரியாது. ஆனால் அந்தப் பெண் இதே வார்த்தைகளைச் சொல்லித்தானே நான் கேட்டேன் என்று தெரிந்தது. தெரிந்தும் சும்மா இருந்தேன்.

அந்தக் காலையை நீ மறந்திருப்பாய் என்று நினைக்கவில்லை. ஆனாலும் என் பக்கத்திலிருந்து ஒரு தடவை கேள். தோசைத் தட்டோடு உன் அறைக்குள் வந்தேன். நாகராஜ் பேசிக்கொண்டிருந்தார். அவர் பேச்சு உனக்குத் தெரியுமே, எல்லாவற்றையும் முதலிலிருந்துதான் சொல்வார். நீ என்னைப் பார்த்துக் கண்ணைச் சுழற்றி, "பெருசு ஆரம்பிச்சிடுச்சும்மா. இது பாயிண்டுக்கு வர்றதுக்குள்ள நான் ரிடயர் ஆயிடுவேன்" என்றாய். அதோடு விட்டாயா? "ஆக்ச்சுவலீ சார்... வாட் ஹேப்பன்ட் ஈஸ் சார்..." என்று அவர் மாதிரியே இழுத்து இழுத்துப் பேசிக் காட்டினாய். நான் சிரித்தேன். என் சிரிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டுமா, உன் அப்பா குக்கர் விசில் என்று கேலி செய்வாரே, அந்தச் சிரிப்பு.

லேப்டாப்பில் பேச்சு நின்றுவிட்டது. பிறகு மானசாதான், மெதுவாக, உன் மைக் ஆனில் இருக்கிறது என்று சொன்னாள். நீ சட்டென்று எதையோ அமுக்கினாய். உன் முகம் வெளுத்துப் போனதைப் பார்த்தேன். அப்போது நாகராஜ் குரல் வந்தது. "சாரி சார், ஐ வில் மேக் இட் ஷார்ட்" என்றார். மன்னிப்புக் கேட்டது அவர், கண்ணா. சொல்ல வந்ததை ஒரே வரியில் சொல்லி முடித்தார். நீ தேங்க்ஸ் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாய். நான் தட்டை மேஜையில் வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

மீட்டிங் முடிந்து வந்து நீ சொன்னது இதுதான். "தமிழ்லதானேம்மா பேசினேன். டீம்ல வேற யாரும் தமிழ் கிடையாது. என்ன புரிஞ்சிருக்கப் போகுது?" நம் வீட்டுக்குக் காய் கொண்டுவருகிறவர் என்னிடம் தமிழில் பேசி, பக்கத்து வீட்டில் கன்னடத்தில் பேசி, எதிர்வீட்டில் உருதுவில் பேரம் பேசிவிட்டுப் போகிறார். இதே ஊரில் பிறந்து வளர்ந்தவன் நீ. இங்கே யாருக்கு எந்த பாஷை புரியாது என்று யாரால் சொல்ல முடியும்? அதுவும் போகட்டும், நீ பேசிக் காட்டியது இங்கிலீஷில். என் சிரிப்புக்கு பாஷையே தேவையில்லை. இதையெல்லாம் அன்றே உன்னிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஒரு சாயந்திரம் முழுக்க நீ சொன்னதை நானும் நம்பப் பார்த்தேன்.

மறுநாளிலிருந்து உன் மீட்டிங் மாறிவிட்டது. அதற்கு முன்னெல்லாம் நீ வருவதற்கு முன்னால் அவர்கள் ஏதாவது பேசிக்கொண்டிருப்பார்கள், சில்க் போர்டு டிராஃபிக்கைத் திட்டுவார்கள், யாரோ டீ உறிஞ்சுகிற சத்தம் வரும். அதெல்லாம் நின்று போயிற்று. நீ கூப்பிட்டால் ஒரு வரி, அவ்வளவுதான். நாகராஜ் முறை வந்தால் "நோ அப்டேட்ஸ் சார்", சொல்ல ஒன்றுமில்லையாம். அந்த வாரக் கடைசியில் காபி குடித்துக்கொண்டே, "இப்பதான்மா மீட்டிங் டயத்துக்கு முடியுது, எல்லாரும் ஒழுங்கா இருக்காங்க" என்று சந்தோஷமாகச் சொன்னாய். அவர்கள் பயந்திருக்கிறார்கள், அதை நீ ஒழுங்கு என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய்.

அன்றுதான் கேட்டேன், "ஒரு வார்த்தை சாரி சொல்லிடேன்ப்பா." நீ சிரித்தாய். "உனக்கு ஆபீஸ் புரியாதும்மா. நான் லீட். இப்பப் போய் சாரி சொன்னா ஆளாளுக்கு என் தலைமேல ஏறி உக்காருவாங்க. அவரே மறந்திருப்பாரு, நான் போய் ஏன் ஞாபகப்படுத்தணும்?" என்றாய். சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாய்.

இந்தத் தலைமேல் ஏறுகிற பயம் உனக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். நீ பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஓர் ஆயுத பூஜைக்கு அப்பா நம்மை அவர் ஃபேக்டரிக்குக் கூட்டிப் போனார். வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் குடும்பத்தை உள்ளே விடுவார்கள். மெஷினுக்கெல்லாம் வாழைக்கன்று கட்டி, சாமந்தி மாலை போட்டு, குங்குமம் வைத்து, அவ்வளவு அழகாக இருந்தது. அப்பா தன் மெஷின் பக்கத்தில் உன்னை நிறுத்தி, அது எப்படி ஓடும் என்று ஆரம்பத்திலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது புதிதாக வந்திருந்த மேனேஜர், சின்ன வயசுக்காரன், நடந்துபோகிறபோதே, "ஏய், இங்க என்ன கதை அளந்துட்டு நிக்கற, பூசணிக்காய எடுத்துட்டு வா" என்றான். அப்பா ஓடினார். நீ கையில் இருந்த பொரிப் பொட்டலத்தைக் கீழே போட்டுவிட்டாய். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் பேசாமல் வந்து, செருப்பைக் கழற்றும்போது என்னிடம் மட்டும் சொன்னாய். "நான் பெரியவனாகி, யாரும் என்னை ஏய்னு கூப்பிட முடியாத எடத்துக்குப் போவேம்மா."

எனக்கு அப்போது எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? உன்னைக் கட்டிக்கொண்டேன். நீ படிக்கச் சோம்பல் பட்டபோதெல்லாம் அதை நினைவுபடுத்தினேன். "ஏய்னு கூப்பிடுவாங்க, பாத்துக்கோ" என்று சொல்லியே உன்னை என்ஜினீயர் ஆக்கினேன். அந்த இடத்துக்குப் போன பிறகு நீ மற்றவர்களை எப்படிக் கூப்பிடுவாய் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. அன்று நீ பார்த்தது அப்பா கூனிக் குறுகி ஓடியதை. அந்த மேனேஜரைத்தான் நீ மனதில் வைத்துக்கொண்டாய் போலிருக்கிறது. இப்படி எழுத எனக்கே வலிக்கிறது, ஆனால் எழுதாமல் இருந்தால் இந்தக் கடிதத்துக்கு அர்த்தமில்லை.

நாகராஜ் வீட்டுக்கு நான் போனது உன்னை அவமானப்படுத்த இல்லை. சிரித்தது நான், அதனால் போனேன். உன் கிரகப்பிரவேசத்துக்கு அவர் மனைவியும் வந்திருந்தாளே, அன்றைக்கு மாவடு போடுவது பற்றி இரண்டு பேரும் கன்னடத்தில் அரட்டை அடித்து நம்பர் வாங்கிக்கொண்டோம். அந்த நம்பருக்குக் கூப்பிட்டு, வரட்டுமா என்றேன். சரி என்றாள், குரலில் பழைய கலகலப்பு இல்லை. ஞாயிற்றுக்கிழமை, உன்னிடம் கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு, கொஞ்சம் வாழைப்பழமும் பூவும் வாங்கிக்கொண்டு பஸ்ஸில் போனேன். கதவைத் திறந்தவர் நாகராஜ். "வாங்கம்மா, உள்ள வாங்க, வெயில்ல வந்திருக்கீங்க" என்றார். சுத்தமான தமிழ். நான் அப்படியே வாசலில் நின்றுவிட்டேன். அவருக்கு என் முகத்தைப் பார்த்தே விளங்கியிருக்க வேண்டும். "நான் ஸ்ரீராம்புரத்துல பொறந்து வளந்தவன்ம்மா. தெரு பூரா தமிழ்க்காரங்க" என்றார், தானே ஏதோ தப்புச் செய்த மாதிரி.

உட்கார வைத்தார். தண்ணீர் கொடுத்தார். நான் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், பஸ் கிடைக்கத் தாமதமானதைப் பற்றி, வெயிலைப் பற்றி, என்னென்னவோ சொன்னேன். அந்த மனிதர் பொறுமையாகக் கேட்டார், ஒரு இடத்திலும் குறுக்கே பேசவில்லை. கடைசியில், "அன்னைக்கு நான் சிரிச்சிருக்கக் கூடாதுப்பா. என்னை மன்னிச்சிடுங்க" என்றேன். அவர் பதறிப்போய், கன்னடம் கலந்து, "ஐயோ, பரவாகில்லாம்மா, நீங்க பெரியவங்க" என்றார். குனிந்து பழப் பையை ஓரமாக எடுத்து வைத்தார். பிறகு நிமிர்ந்து கேட்டார்.

"அவரு அனுப்பினாராம்மா?"

அவர் கண்ணை நீ பார்த்திருக்க வேண்டும். அத்தனை ஆசை அந்தக் கேள்வியில். ஆமாம் என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் அவர் அன்று நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பார். என் நாக்கு நுனிவரை வந்தது. பிறகு, திங்கட்கிழமை நீ அவரிடம் பேசுகிற விதத்திலேயே அந்தப் பொய் உடைந்துவிடும் என்று தோன்றியது. "இல்லப்பா, நானாத்தான் வந்தேன்" என்றேன். "சரிம்மா, சரிம்மா" என்று தலையை ஆட்டினார். முகம் அணைந்துவிட்டது. நான் எவ்வளவு தூரம் வந்து எத்தனை பழம் வைத்தாலும், அவருக்கு வேண்டியது என்னிடம் இல்லை என்று அங்கே உட்கார்ந்திருக்கும்போதுதான் எனக்குப் புரிந்தது.

அவர் மனைவி அதுவரை சமையலறையை விட்டு வரவில்லை. கிளம்பும்போது கேட் வரைக்கும் வந்தாள். குங்குமம் கொடுத்தாள், என்னைப் பார்க்கவில்லை. கன்னடத்தில், மெதுவாக, "அவர் இப்போ வீட்டுலகூட பேசறதில்ல. பொண்ணோட ஸ்கூல்ல பேரண்ட்ஸ் மீட்டிங். டீச்சர் ரூம் வரைக்கும் வந்துட்டு வாசல்லயே நின்னுட்டார். நீ போய்ப் பேசு, நான் பேசினா இழுத்துடுவேன்னு சொன்னார்" என்றாள். கோபமாகத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அன்று சாயந்திரமே உன்னிடம் சொல்லிவிட்டேன். கோயிலுக்குப் போனதாகச் சொன்ன பொய்யை மனசில் வைத்துக்கொண்டு என்னால் சாப்பிட முடியவில்லை. நீ கத்தினாய். "யாரக் கேட்டுப் போன? என் டீம்ல இருக்கற ஒருத்தர் வீட்ல என் அம்மா போய்க் கையக் கட்டிட்டு நின்னா, நாளைக்கு என் மூஞ்சிய எங்க கொண்டுபோய் வெச்சுக்கறது?" நானும் விடவில்லை, எனக்கும் வாய் உண்டே. "உன் மூஞ்சியப் பத்தி யாருப்பா பேசறாங்க? அந்த மனுஷன் வாயைத் திறக்க மாட்டேங்கறாரு, அதப் பத்திப் பேசறேன்" என்றேன். அதற்கப்புறம் நீ என்னிடம் பேசவில்லை. நான் சமைத்தது மேஜையில் இருக்கும், நீ ஆப்பில் ஆர்டர் செய்து அறைக்குள்ளேயே சாப்பிடுவாய். டெலிவரிப் பையன் பெல் அடித்தால் நான்தான் போய் வாங்கி உன் கதவுக்கு வெளியே வைப்பேன். கொஞ்ச நாள் பார்த்தேன். பிறகு சித்திக்கு உடம்பு சரியில்லை என்று ஒரு சாக்கைச் சொல்லிவிட்டு இங்கே வந்துவிட்டேன். அவள் கல்லு மாதிரி இருக்கிறாள்.

இங்கே வந்து உட்கார்ந்ததிலிருந்து ஒரே கேள்விதான். நான் ஏன் சிரித்தேன்? வேடிக்கையாக இருந்ததால் சிரித்தேன் என்றுதான் முதலில் நினைத்தேன். அது உண்மையில்லை. எனக்கு நாகராஜ் பேச்சு ஒரு நாளும் வேடிக்கையாக இருந்ததில்லை. உன் அப்பாவும் அப்படித்தானே, பால் வாங்கப் போன கதையைத் தெருமுனையிலிருந்து ஆரம்பிப்பார். அன்று நீ ஜோக் அடித்தாய், அதாவது நல்ல மூடில் இருந்தாய். அப்பாடா, இன்றைக்குப் பிள்ளை சிரித்த முகமாக இருக்கிறான் என்று ஒரு நிம்மதி. அந்த நிம்மதி கலையக் கூடாதே என்று சிரித்தேன். எனக்கு உன்னிடம் பயம், கண்ணா. நான் பெற்ற பிள்ளையிடம் எனக்குப் பயம்.

நீ அறையிலிருந்து வெளியே வரும்போது முதலில் உன் முகத்தைப் பார்ப்பேன். கீஸர் ரிப்பேர் என்று சொல்லலாமா, நாளைக்குச் சொல்லலாமா என்று அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வேன். சொல்ல வேண்டியதைச் சமையலறையில் நின்று ஒரு தடவை சொல்லிப் பார்த்துச் சுருக்கிக்கொண்டு வருவேன். மழைக்காலத்தில் ஒரு நாள் நான் நொண்டிக்கொண்டிருந்தபோது என்னவென்று கேட்டாய், கால் சுளுக்கு என்றேன். சுளுக்கு இல்லை. பாத்ரூமில் விழுந்து, எழுந்திருக்க முடியாமல் வெகுநேரம் தரையில் உட்கார்ந்திருந்தேன். நீ பக்கத்து அறையில் மீட்டிங்கில் இருந்தாய். கூப்பிட்டிருக்கலாம். நடுவில் கூப்பிட்டால் உனக்கு எரிச்சல் வருமே என்று கூப்பிடவில்லை. பிறகு சொல்லவும் இல்லை, ஏனென்றால் அதைச் சொல்ல நாலைந்து வாக்கியம் ஆகும். உன் டீம் சொல்கிற "நோ அப்டேட்ஸ்" என்னவென்று எனக்கு நன்றாகத் தெரியும். நானும் அதைத்தான் உனக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நீ கெட்டவன் இல்லை. இதை எழுதும்போதும் எனக்கு அதில் சந்தேகம் இல்லை. அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது அவர் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே லேப்டாப்பில் வேலை பார்த்தவன் நீ. ஆனால் எப்போதும் எல்லாருக்கும் மேலே தெரிய வேண்டும் என்கிற நினைப்பு உன்னைத் தனியாக்கிவிட்டது. உன்னைச் சுற்றி இருக்கிறவர்கள் உனக்குப் பிடித்ததை மட்டும் சொல்கிறார்கள், உன் ஜோக்குக்கு மட்டும் சிரிக்கிறார்கள். அதை நீ மரியாதை என்று எடுத்துக்கொள்கிறாய். இனி உனக்குக் கீழே இன்னும் நிறையப் பேர் வரப்போகிறார்கள். அவர்களும் இதே மாதிரி சிரிக்கக் கற்றுக்கொள்வார்கள், சீக்கிரமே.

மேனேஜர் வேலை பற்றி எனக்கு என்ன தெரியும்? நான் வேலை வாங்கியதெல்லாம் மிக்ஸியையும் கிரைண்டரையும்தான். ஆனால் கீழே நின்று பார்த்தவள் என்கிற முறையில் சொல்கிறேன். ஒருவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்கிறார் என்றால் அவருக்குச் சாமர்த்தியம் இல்லை என்று அர்த்தமில்லை. எங்கேயாவது ஒரு பாதியை விட்டால் அந்தப் பாதிக்குப் பழி தன்மேல் வந்துவிடும் என்று முன்னே எப்போதோ பட்டிருக்கிறார். உன் அப்பாவும் அந்த ஆயுத பூஜைக்கு அப்புறம்தான் இன்னும் நீட்டிப் பேச ஆரம்பித்தார். "ஓகேவா" என்று கேட்டால் கொஞ்சம் சும்மா இரு. யாராவது இல்லை என்று சொன்னால், அவர்தான் உன்னை நம்பிப் பேசுகிறார் என்று நினை. உனக்குத் தெரியாததை அந்தச் சின்னப் பெண் மானசாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டால், கேட்டேன் என்று மேலே சொல். இதனால் உன் தலைமேல் யாரும் ஏற மாட்டார்கள். ஏறினாலும் இறக்கிவிடலாம், பயந்து ஒதுங்கிப் போனவர்களைத் திரும்பக் கொண்டுவருவதுதான் கஷ்டம். நான் ஒதுங்கி வந்தவள், அதனால் சொல்கிறேன்.

நான் ஃப்ளாட்டுக்குத் திரும்ப வருவேன். நாகராஜிடம் நீ மன்னிப்புக் கேட்டால்தான் வருவேன் என்றெல்லாம் மிரட்ட மாட்டேன். கேட்டாலும் வருவேன், கேட்காவிட்டாலும் வருவேன், உன்னை விட்டு எங்கே போகப் போகிறேன்? மனசு கொஞ்சம் ஆறட்டும், நானே ஒரு நாள் கிளம்பி வருகிறேன். வந்து, இனிமேல் சொல்ல வேண்டியதை முழுசாகச் சொல்வேன். நீ எரிந்து விழுந்தாலும் சொல்வேன்.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். நாகராஜிடம் நீ போ. மெசேஜ் அனுப்பாதே, மீட்டிங்கில் எல்லார் முன்னாலும் பெரிய மனசு காட்டாதே. அவர் வீட்டுக்குப் போய் உட்கார். அவர் எவ்வளவு நேரம் பேசினாலும் கேள். ஒன்றும் பேசாமல் இருந்தாலும் உட்கார்ந்திரு. அவர் உன்னை மன்னிக்காமல் அனுப்பினால், சரி என்று வந்துவிடு.

போய்விட்டு வந்தாயானால், தயவுசெய்து என்னிடம் சொல்லாதே. சொன்னால் நான் பூரித்துப் போவேன். உன்னைத் தலையில் வைத்துக் கொண்டாடுவேன், என் சுபாவம் அப்படி. அந்தக் கொண்டாட்டத்தில் அந்த மனிதர் மறுபடியும் காணாமல் போய்விடுவார், நீ பெரிய மனுஷன் ஆகிவிடுவாய். இந்த ஒரு காரியத்தையாவது யாருடைய பாராட்டும் இல்லாமல் செய், என்னுடையதும் வேண்டாம். எனக்கு அது தெரிய வேண்டும் என்று இந்த நெஞ்சு எப்படித் துடிக்கிறது என்று உனக்குச் சொன்னால் புரியாது. ஆனாலும் உன் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க மாட்டேன், அவர் மனைவிக்கு ஃபோன் செய்து விசாரிக்க மாட்டேன். என் பிள்ளை போனானா, போகவில்லையா என்று தெரியாமலேயே என்றைக்கோ ஒரு நாள் நான் கண்ணை மூடிவிட்டுப் போகிறேன்.

அம்மா